தனியாக ஒரு நகைச்சுவை அனிமேஷன் படம்: இறங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

நாலு நிமிட நகைச்சுவை அனிமேஷன் குறும்படம் ஒன்றைத் தனி ஆளாக முடித்த கையோடு இதை எழுதுகிறேன். சேமிப்பில் பெரும்பகுதி கரைந்தது. நடுவில் கொஞ்ச காலம் அந்த ஃபைலைத் திறக்கவே பயமாக இருந்தது. யாராவது உட்கார வைத்து முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதில் பாதிக் கஷ்டம் இருந்திருக்காது. வரைவது எப்படி என்று கற்றுத்தர ஏராளமானவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஜோக்கை மாதக்கணக்கில் சாகாமல் காப்பாற்றுவது எப்படி, இந்த வேலையை வைத்துப் பிழைப்பது எப்படி என்று சொல்பவர்கள் குறைவு. அதனால் என் கதையைக் குறைத்துக்கொண்டு, வேலை நடக்கும் வரிசையிலேயே, எந்தக் கட்டத்தில் எது கெடும், ஏன் கெடும் என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் கணக்கு. திரையில் ஒரு விநாடிக்கு 24 பிரேம். நாலு நிமிடம் என்றால் 240 விநாடி, 5,760 பிரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேமுக்கு நிறுத்தி வரைந்தால், அதாவது டூஸ் முறையில், 2,880 படங்கள். ஒரே ஒரு பாத்திரம் இடைவிடாமல் அசைந்தாலே இவ்வளவு வரும். ரஃப் (முதல் கிறுக்கல்), கிளீன்-அப் (அதைச் சுத்தமான கோடாக்குவது), வண்ணம் மூன்றுக்கும் சேர்த்து ஒரு படத்துக்கு 15 நிமிடம் என்று இறுக்கிப் போட்டாலும் 720 மணி நேரம். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் உருப்படியாக வரைய முடிந்தால் 120 நாள். பின்னணி ஓவியம், ஒலி, எடிட்டிங், திருத்தங்கள் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. பாத்திரம் அசையாமல் நிற்கும் இடங்கள் கொஞ்சம் மிச்சம் பிடித்துத் தரும். இரண்டாவது பாத்திரம் உள்ளே வந்ததும் அந்த மிச்சம் போய்விடும். முழுநீளப் படத்தில் வேலை செய்யும் தேர்ந்த அனிமேட்டரே ஒரு வாரத்தில் முடித்துத் தருவது சில விநாடிகள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், நம் வேகத்தைப் பார்த்து நாமே மனம் உடைய வேண்டியதில்லை. நிக் பார்க் திரைப்படப் பள்ளி மாணவராக 1982-இல் தொடங்கிய களிமண் பொம்மைப் படம் அரைமணி நேரத்துக்கும் குறைவானது. அது ஆர்ட்மன் ஸ்டூடியோ கைகொடுத்த பிறகு 1989-இல்தான் முடிந்தது. தன் படங்களைத் தானே வரைந்து தானே பணம் போட்டு எடுத்தே ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்ட பில் பிளிம்டன், குறும்படத்துக்கு மூன்றே விதிகள் சொல்கிறார்: நீளம் 5 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும், சிரிப்பு வர வேண்டும். மூன்றில் முதலாவதைத்தான் எல்லோரும் மீறுகிறோம். அது மீறப்பட்டதும் இரண்டாவது தானாக மீறப்படுகிறது.

இனி இந்தத் தொழிலின் உண்மையான சோதனை. நகைச்சுவைக்கு உயிர், எதிர்பாராதது நடப்பதில் இருக்கிறது. பார்வையாளர் உங்கள் ஜோக்கை ஒரு தடவை பார்ப்பார். நீங்கள் அதையே பிரேம் பிரேமாகப் பல நூறு தடவை பார்ப்பீர்கள். பாதி வேலை முடிவதற்குள் அது உங்களுக்குச் சிரிப்பு மூட்டாது. அது நிச்சயம் வரும் கட்டம், எல்லோருக்கும் வரும். அன்றைக்கு மனதில் எழும் எண்ணம் மிகவும் ஆபத்தானது: 'இது சரியில்லை, கொஞ்சம் மாற்றுவோம்'. உடனே பாத்திரத்தின் முகத்தில் இன்னொரு பாவனை சேர்ப்போம், ஒரு கை அசைவு சேர்ப்போம், மெதுவாகத் தோன்றும் இடத்தை வேகப்படுத்துவோம், மேலே ஒரு சத்தத்தையும் போடுவோம். நல்ல ஜோக் அப்படித்தான் கெடுகிறது. அந்தக் கட்டத்தில் உங்கள் ரசனையை நம்ப முடியாது. வேலை தொடங்கும் முன்பே அந்நியர்கள் சிரித்த பதிவு ஒன்று கையில் இருந்தால் அதை நம்பலாம். அனிமேடிக் என்பது வரைந்த கட்டங்களைத் தற்காலிக ஒலியோடு நேரக் கணக்கில் அடுக்கிய கச்சா வீடியோ. கீழே அதைப் பற்றி நான் இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

கதை எழுதும்போதே இரண்டு சோதனைகள் வையுங்கள். ஒன்று, ஜோக்கை வசனமில்லாமல் மூன்று குச்சி ஓவியங்களில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்: நிலைமை, எதிர்பார்ப்பு, கவிழ்ப்பு. முடியவில்லை என்றால் அது வசன ஜோக். அதை அனிமேஷனில் எடுக்கும் செலவுக்கு இரண்டு நல்ல நடிகர்களை உட்கார வைத்து எடுத்துவிடலாம். இரண்டு, ஒவ்வொரு ஜோக்குக்கும் எதிரே அதற்கான உழைப்பை எழுதுங்கள். கூட்டம், தண்ணீர், துணி படபடப்பது, கேமரா பாத்திரத்தைச் சுற்றி வருவது, நாலுகால் பிராணி நடப்பது, இருவர் கட்டிப்பிடிப்பது எல்லாம் நேரத்தை விழுங்கும். கதவுக்குப் பின்னால் சத்தம் மட்டும் கேட்பது, பாத்திரம் திரைக்கு வெளியே ஓடிப்போய்க் கசங்கித் திரும்பி வருவது எல்லாம் மலிவு. பல சமயம் மலிவான வழியிலேயே அதிகச் சிரிப்பு வருகிறது, ஏனென்றால் காட்டாததைப் பார்வையாளரே கற்பனை செய்துகொள்கிறார். இந்தப் பட்டியலைப் போட்டபோது, மூன்று வாரம் கேட்கும் ஒரு காட்சி அரைச் சிரிப்புக்காகத்தான் இருந்தது தெரிந்தது. அதைக் கதையிலேயே வெட்டியது இந்தப் படத்தில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று.

அடுத்து கதையைக் கட்டம் கட்டமாக வரையும் ஸ்டோரிபோர்டு, அதிலிருந்து அனிமேடிக். நாலு நிமிட நகைச்சுவைக்குக் குறைந்தது 100 கட்டங்களாவது வரையுங்கள், ஜோக் விழும் இடங்களில் நெருக்கமாக. கிரீட்டா, பிளெண்டரின் கிரீஸ் பென்சில், ஸ்டோரிபோர்டர் ஆகிய எல்லாமே இலவசம். எதில் வேண்டுமானாலும் செய்யலாம். படம் அழகாக இருக்கக் கூடாது என்பது முக்கியம். அழகாக வரைந்த கட்டத்தைத் தூக்கிப்போட மனம் வராது. வசனத்தை உங்கள் குரலிலேயே தற்காலிகமாகப் பதியுங்கள், முக்கிய சத்தங்களையும் வாயாலேயே போட்டுவிடுங்கள், எடிட்டிங் டைம்லைனில் 24 பிரேமுக்கு வைத்து அடுக்குங்கள். ஹாலிவுட்டின் பழைய கார்ட்டூன் இயக்குநர்களுக்கு எடிட்டிங் மேசையில் வெட்டிச் சரிசெய்யும் வசதி கிடையாது. அதிகமாக வரைந்துவிட்டு வெட்டிப்போட அவர்களுக்குப் பணம் தரப்படவில்லை. 35 மிமீ ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம், ஒரு நிமிடத்துக்கு 90 அடி. ஆறு நிமிடக் கார்ட்டூனுக்கு 540 அடி. அந்த 540 அடியும் எங்கே எப்படிச் செலவாகிறது என்பதை முதல் அசைவு வரையப்படும் முன்பே இயக்குநர் காகிதத்தில் பிரேம் கணக்காக எழுதி முடித்திருப்பார். சிரிப்பு பேனா முனையிலேயே தீர்மானமாகிவிட்டது. நமக்கு அன்டூ பொத்தான் இருப்பதால் அந்த ஒழுக்கம் தளர்ந்துவிட்டது.

பிரேம் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கலை முழுக்க அதில்தான் இருக்கிறது. திரையில் ஒன்று தெரிந்து மூளையில் பதிய 5 பிரேம் போதும் என்று அந்தப் பழைய கார்ட்டூன் இயக்குநர்களில் ஒருவரான டெக்ஸ் ஏவரி கண்டுவைத்திருந்தார். அதற்குக் குறைந்தால் ஏதோ நடந்தது என்று மட்டும் தெரியும், என்ன நடந்தது என்று தெரியாது. இன்னொருவரான சக் ஜோன்ஸின் கார்ட்டூன்களில் ரோட் ரன்னர் பறவையைத் துரத்தும் கயோட்டி மலை முகட்டிலிருந்து விழும்போது, புள்ளியாகி மறைய 18 பிரேம், மறைந்த பின் கீழே மோத இன்னும் 14 பிரேம். 13 வைத்தாலும் 15 வைத்தாலும் சிரிப்பு வரவில்லை என்பார் அவர். அந்த எண்களை அப்படியே எடுத்து உங்கள் படத்தில் போடச் சொல்லவில்லை. ஒரு பிரேம், அதாவது விநாடியில் இருபத்து நான்கில் ஒரு பங்கு, சிரிப்பைத் தரவும் பறிக்கவும் முடியும் என்பதை நம்பச் சொல்கிறேன். வேலையைத் தொடங்க எனக்குக் கைகொடுத்த அளவுகள் இவை: பாய்வதற்கு முன் பின்வாங்கும் அசைவு 8 முதல் 12 பிரேம், பாய்ச்சல் 3 அல்லது 4 பிரேம், பாய்ந்து முடிந்த பின் பாத்திரம் நடந்ததை உணரும் நிறுத்தம் 12 முதல் 24 பிரேம். பழகாத கை பின்வாங்கலைக் குறைத்துப் பாய்ச்சலை நீட்டிவிடும். சிரிப்பு பாய்ச்சலில் வருவதில்லை. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று பார்வையாளர் ஊகிக்கும் பின்வாங்கலிலும், நடந்தது தெரிந்த பிறகு பாத்திரம் விழிக்கும் நிறுத்தத்திலும் வருகிறது. நிறுத்தத்தில் படம் கல்லாக உறைந்தால் வீடியோ நின்றுவிட்டதோ என்று தோன்றும். 4 பிரேமில் ஒரு கண் சிமிட்டலோ, ஒரு முடி மட்டும் மெதுவாக இறங்குவதோ போதும், உயிர் இருப்பது தெரியும். இன்னொன்று, நிலைமைக்கும் கவிழ்ப்புக்கும் நடுவில் ஷாட்டை வெட்டாதீர்கள். இரண்டும் ஒரே சட்டகத்துக்குள் முழு உருவத்தோடு நடந்தால்தான் காரணமும் விளைவும் கண்ணில் ஒன்றாகப் படும்.

அனிமேடிக் தயாரானதும் அதைக் கதை தெரியாத ஆறேழு பேருக்கு ஒரே அறையில் போட்டுக் காட்டுங்கள். குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் வேண்டாம், அவர்கள் உங்களுக்காகச் சிரிப்பார்கள். முன்னுரை சொல்லாதீர்கள். 'இது இன்னும் முடியவில்லை, இங்கே வண்ணம் வரும்' என்ற ஒரு வாக்கியமே அவர்களை விமர்சகர்களாக மாற்றிவிடும். நீங்கள் பக்கவாட்டில் உட்கார்ந்து முகங்களைப் பாருங்கள், போனில் அறையின் சத்தத்தைப் பதியுங்கள். பிறகு அந்தப் பதிவை டைம்லைனில் அனிமேடிக்கின் கீழே தனி டிராக்காக வைத்துச் சரியாகப் பொருத்துங்கள். எந்தப் பிரேமில் சிரிப்பு தொடங்கியது, எவ்வளவு நீடித்தது, எங்கே ஒருவர் மட்டும் சிரித்தார், எங்கே நாற்காலி கிறீச்சிட்டது எல்லாம் கண்ணெதிரே வந்துவிடும். முடிந்ததும் 'பிடித்திருந்ததா' என்று கேட்காதீர்கள், பிடித்தது என்றுதான் சொல்வார்கள். 'என்ன நடந்தது, சொல்லுங்கள்' என்று கேளுங்கள். ஒரு ஜோக் விழாததற்குப் பெரும்பாலும் காரணம், அதற்கு முன்னால் உள்ள தகவல் அவர்களுக்குப் போய்ச் சேராததுதான். அது அவர்கள் கதையைத் திருப்பிச் சொல்லும்போது தெரியும். சிரிப்பு வராத இடத்தைத் திருத்துவதற்குப் பதில், அதற்கு பத்து விநாடி முன்னால் உள்ள ஷாட்டைத் திருத்த வேண்டியிருக்கும். பிறகு வேறு ஆறேழு பேர், ஏனென்றால் முதல் குழுவுக்கு இப்போது எல்லாம் தெரியும். முதல் காட்சியில் நான் பெரிதும் நம்பியிருந்த இடத்தில் அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதி உடம்பில் வலிக்கும், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் குச்சி ஓவியத்தில் அந்த அமைதியைக் கேட்பதற்கும், முழுதாக வண்ணம் தீட்டிய பிறகு திரையரங்கில் கேட்பதற்கும் இடையே மாதக்கணக்கான உழைப்பு நிற்கிறது.

அந்தப் பதிவு இன்னொரு விஷயத்தையும் காட்டும். பெரிய சிரிப்பு வந்தால் அடுத்த வசனம் அதில் மூழ்கிவிடும். அதனால் சிரிப்பு எதிர்பார்க்கும் இடத்துக்குப் பின் ஒன்று, ஒன்றரை விநாடிக்கு முக்கியத் தகவல் எதையும் வைக்காதீர்கள். அதற்காக வெறும் இடைவெளியும் விடக் கூடாது. போனில் தனியாகப் பார்ப்பவர் சத்தமாகச் சிரிக்க மாட்டார், அவருக்கு அது தொய்வாகத் தெரியும். பாத்திரம் தூசு தட்டுவது, தொப்பியைச் சரிசெய்வது மாதிரி கேட்காமல் போனாலும் நஷ்டமில்லாத சின்ன வேலையை அங்கே கொடுங்கள். இரண்டாவது குழுவின் சிரிப்பு ஒழுங்காக வந்ததும் அனிமேடிக்கைப் பூட்டுங்கள். தேதி போட்டுத் தனிப் பிரதியாகச் சேமியுங்கள், சிரிப்புப் பதிவு டிராக்கோடு சேர்த்து. பிற்பாடு 'இது சரியில்லை' என்று தோன்றும் நாளில் அந்த டிராக்கைப் போட்டுக் கேளுங்கள். அங்கே ஆறு பேர் சிரிக்கிறார்கள் என்றால் கை வைக்காதீர்கள்.

குரல் பதிவை அனிமேஷனுக்கு முன்பே முடித்துவிடுங்கள். நடிகர் பேசும் தாளத்தை வைத்துத்தான் உடல் அசைவே வரும். பின்னால் டப்பிங் செய்தால் அவர் வாயசைவைத் துரத்திக்கொண்டிருப்பார், நகைச்சுவை வெளியே போய்விடும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதியுங்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் எழுதியபடி ஒன்று, அவர் விருப்பப்படி ஒன்று, பாதி வேகத்தில் ஒன்று என்று மூன்று வகை எடுத்து வையுங்கள். மூச்சு, முனகல், சிரிப்பு, விழும்போது வரும் சத்தம் எல்லாவற்றையும் தனியாகப் பதியுங்கள், அவற்றுக்காக மறுபடி ஸ்டூடியோ வாடகை கொடுக்க நேரக் கூடாது. உரிமைப் படிவத்தில் அன்றைக்கே, அந்த அறையிலேயே கையெழுத்து வாங்குங்கள். வாயசைவு வரையும்போது உருவம் ஒலிக்கு ஒன்று அல்லது இரண்டு பிரேம் முன்னால் வரட்டும். சரியாக ஒலியோடு வைத்தால் தாமதமாகத் தெரியும். ம், ப் வரும் இடங்களில் உதடு மூடுவதைக் குறைந்தது 2 பிரேம் காட்டுங்கள். மற்ற எழுத்துகளில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், இந்த மூடல் தவறினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அனிமேஷனைப் படத்தின் முதல் ஷாட்டிலிருந்து தொடங்காதீர்கள். மாதங்கள் போகப் போகக் கை தேறும், பாத்திரத்தின் மூக்கும் விரலும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். முதல் ஷாட் பழைய கையிலும் கடைசி ஷாட் புதிய கையிலும் இருந்தால் பார்ப்பவர் முதலில் சந்திப்பது உங்கள் பலவீனமான வேலையை. நடுவில் உள்ள எளிய ஷாட்களில் தொடங்குங்கள், பெரிய ஜோக்குகளைக் கை சூடான பிறகு செய்யுங்கள், முதல் 20 விநாடியைக் கடைசியில் செய்யுங்கள். கணினியில் ரிக் (பொம்மை போல அசைக்கும்படி மூட்டுகள் பொருத்திய பாத்திரம்) வைத்துச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது: இரண்டு கீகளுக்கு, அதாவது நீங்கள் வைக்கும் முக்கிய நிலைகளுக்கு, நடுவை மென்பொருள் தானாக வழுவழுப்பாக நிரப்பும். அந்த வழுவழுப்பில் பாத்திரத்துக்கு எடை போய்விடும், தண்ணீருக்குள் மிதப்பது போல நகரும். முதலில் எல்லா கீகளையும் படிப்படியாகத் தாவும் ஸ்டெப்டு முறையில் வைத்து, அந்த நிலையிலேயே ஜோக் புரிகிறதா என்று பாருங்கள். புரிந்தால் மட்டும் நடுவை நிரப்புங்கள், அதிலும் தேவையான இடத்தில் மட்டும். ஒவ்வொரு முக்கிய நிலையையும் முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். நிழலுருவத்திலேயே என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டும். கை உடம்புக்கு முன்னால் மறைந்திருந்தால் எவ்வளவு அழகாக வரைந்தும் பயனில்லை.

ரெண்டர், அதாவது கணினி ஒவ்வொரு பிரேமையும் இறுதிப் படமாக உருவாக்குவது, பற்றிச் சுருக்கமாக. ஒரு பிரேமுக்கு 3 நிமிடம் ஆனால் 5,760 பிரேமுக்கு 288 மணி நேரம், இரவு பகல் ஓடினாலும் 12 நாள். ஒரு தவறுக்காக மறுபடி ஓட்டினால் இன்னும் 12 நாள். அதனால் நேராக வீடியோவாக எடுக்காமல் பிரேமுக்கு ஒரு பிஎன்ஜி படக்கோப்பாக எடுங்கள். 4,000-ஆவது பிரேமில் கணினி நின்றாலும் அங்கிருந்தே தொடரலாம். மூன்று பிரதிகள், இரண்டு வேறு சாதனங்களில், ஒன்று வேறு கட்டடத்தில். எல்லா மென்பொருளிலும் பிரேம் வேகம் 24 என்று இருக்கிறதா, 23.976 என்று இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். படத்துக்கு ஒன்றும் ஒலிக்கு ஒன்றுமாக இருந்தால் நாலு நிமிடத்தின் முடிவில் கால் விநாடி, அதாவது சுமார் 6 பிரேம் விலகிவிடும். 14 பிரேம் காத்திருப்பை நம்பியிருக்கும் ஜோக்குக்கு அது மரண அடி.

ஒலியில் பாதிச் சிரிப்பு இருக்கிறது, அதிலும் பெரும்பகுதி மௌனத்தில். மோதல் சத்தத்தைத் தொடும் பிரேமிலோ அதற்கு ஒரு பிரேம் பிறகோ வையுங்கள். அதற்கு முன் அரை விநாடிக்குப் பின்னணிச் சத்தத்தைக்கூட எடுத்துவிட்டால் அடி இரட்டிப்பாக விழும். ஒவ்வொரு அசைவுக்கும் இசை குதித்துக் காட்டினால் பார்வையாளருக்குச் சிரிக்க இடமில்லாமல் போகிறது, இசையே சிரித்துவிடுகிறது. இறுதி மிக்சிங்கில் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு அழுத்தாதீர்கள். ஐரோப்பிய ஒளிபரப்பு அளவு மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்த அளவின் அலகு). இணையத் தளங்கள் ஏறக்குறைய மைனஸ் 14-க்குக் கொண்டுவருகின்றன. இரண்டுக்கும் தனித்தனி மிக்ஸ் எடுங்கள், இல்லாவிட்டால் மௌனத்துக்கும் அடிக்கும் உள்ள தூரம் ஏதோ ஒன்றில் குறைந்துவிடும். பணம் அதிகம் போனதும் இந்தக் கட்டத்தில்தான். இசைக்கு இரண்டு உரிமைகள் உண்டு: மெட்டுக்கும் வரிகளுக்குமான உரிமை, அந்தப் பதிவுக்கான உரிமை. விழாக்களுக்கு மட்டும் என்று மலிவாகக் கிடைக்கும் அனுமதி, படத்தை இணையத்தில் போடும் நாளில் காலாவதியாகிவிடும். என் படத்துக்கு இசை உரிமம் கொடுத்த இடம், இணையப் பயன்பாடு என்ற பேச்சு வந்ததும் முதலில் கேட்டதைவிடப் பல மடங்கு கேட்டது. கோபமும் இயலாமையும் சேர்ந்து வந்தது. வேறு வழியில்லாமல் புதிதாக இசையமைத்து மிக்சிங்கை மறுபடி செய்ய, படத்தின் மொத்தச் செலவில் கால்வாசி அதற்கே போனது. எல்லா ஊடகங்களுக்கும், எல்லா நாடுகளுக்கும், கால வரையறை இல்லாமல் என்று முதல் தாளிலேயே எழுதி வாங்குங்கள். எழுத்துருவுக்கும் இதே பார்வை வேண்டும், தனிப் பயன்பாட்டுக்கு இலவசம் என்பது திரையிடலுக்கு இலவசம் ஆகாது.

விழாக்களுக்குப் போகும் முன் ஒவ்வொன்றின் முதல்திரையிடல் விதியையும் படியுங்கள். சில விழாக்கள் இணையத்தில் ஏற்கெனவே வந்த படத்தை எடுப்பதில்லை, சில கவலைப்படுவதில்லை. அதனால் பொதுவில் போடுவதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, கடவுச்சொல் போட்ட இணைப்போடு விண்ணப்பிப்பது பாதுகாப்பு. அனெசி 1960 முதலும், ஜாக்ரெப் 1972 முதலும், ஒட்டாவா 1976 முதலும் அனிமேஷனுக்கென்றே நடக்கும் விழாக்கள். அங்கே போட்டி கடுமை. நகைச்சுவைக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கும் பொது விழாக்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்கர் விதிப்படி டைட்டில்கள் உட்பட 40 நிமிடம் வரை குறும்படம்தான். ஆனால் நடைமுறையில் ஒரு தொகுப்புக்குள் 4 நிமிடப் படத்தை நுழைப்பது 14 நிமிடப் படத்தை நுழைப்பதைவிட எவ்வளவோ சுலபம். திரையரங்குக்கு டிசிபி என்ற டிஜிட்டல் திரையிடல் கோப்பைக் கேட்பார்கள். அதன் ஃப்ளாட் அளவு 1998-க்கு 1080, நம் 1920-க்கு 1080 படத்துக்கு இருபுறமும் 39 பிக்சல் கறுப்பு விட வேண்டும், இழுத்து நிரப்பக் கூடாது. வசனம் உள்ள படம் என்றால் சப்டைட்டிலை நீங்களே பிரித்துக் கொடுங்கள். ஒரே வரியில் முழு வசனத்தையும் போட்டால் நடிகர் சொல்லி முடிப்பதற்குள் பார்வையாளர் கவிழ்ப்பைப் படித்துவிடுவார், சிரிப்பு இரண்டாக உடையும். கவிழ்ப்புச் சொல் மட்டும் தனி சப்டைட்டிலாக, அது உச்சரிக்கப்படும் பிரேமில் வரட்டும்.

குறும்படம் சோறு போடாது. பிழைப்பு விளம்பரங்கள், தொடர்களுக்கான ஸ்டோரிபோர்டு, பாடக் காணொளிகள், பிறர் படங்களுக்கு அனிமேடிக் என்று வரும், ஒப்பந்தம் அங்கேதான் தேவை. வாடிக்கையாளர் கேட்கும் சின்ன மாற்றம் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதே விலை. அனிமேடிக்கில் தொப்பியை மாற்றுவது பத்து நிமிடம், வண்ணம் முடிந்த பின் மாற்றுவது இரண்டு வாரம். ஆகவே கட்டங்களை எழுதுங்கள்: கதை, வடிவமைப்பு, அனிமேடிக், அனிமேஷன், இறுதி. ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்றுத் திருத்தம், எழுத்தில் ஒப்புதல். ஒப்புதலுக்குப் பின் அந்தக் கட்டத்தைத் திறந்தால் நாள் கணக்கில் தனிக் கட்டணம். பணத்தைத் தொடக்கத்தில் 30 சதவீதம், அனிமேடிக் ஒப்புதலில் 30, அனிமேஷன் பாதியில் 20, இறுதிக் கோப்பு கைமாறும் முன் 20 என்று பிரிக்கலாம். கடைசிப் பகுதி வரும்வரை நீர்க்குறியிட்ட பிரதி மட்டும் கொடுங்கள். நடுவில் திட்டம் கைவிடப்பட்டால் என்ன கிடைக்கும் என்றும் எழுத வேண்டும். பாத்திரத்தின் உரிமை யாருக்கு, தொடர்ச்சி எடுக்கவும் பொம்மை செய்யவும் யாருக்கு உரிமை என்பதைத் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லாம் ஒரே வரியில் போய்விட்டால் நீங்கள் உருவாக்கிய பாத்திரத்தை நீங்களே வரைய அனுமதி கேட்க நேரும். பெரிய பணம் வரும் இடத்தில் முடிப்பு உத்தரவாதம் என்ற ஏற்பாடு இருக்கும். காலக்கெடு தவறினால் உத்தரவாத நிறுவனம் படத்தை எடுத்துக்கொள்ளலாம். அனிமேஷன் இயக்குநர் ரிச்சர்ட் வில்லியம்ஸ் 1964-இல் தொடங்கி உழைத்த படம் 1992-இல் அப்படித்தான் அவர் கையை விட்டுப் போனது, வேறொருவர் முடித்தார். அவரைப் போன்ற மேதைக்கே நடந்தது என்றால் நாம் கால அட்டவணையில் கையெழுத்திடும் முன் மூன்றில் ஒரு பங்கு நாட்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வதில் வெட்கம் இல்லை.

அடுத்த வேலை தேடும்போது உங்கள் ரீலை, அதாவது செய்த வேலைகளின் மாதிரித் தொகுப்பை, ஒரு நிமிடத்துக்குள் வையுங்கள். நகைச்சுவை இயக்குநரின் ரீல் மற்ற அனிமேட்டர்களின் ரீல் மாதிரி இருக்கக் கூடாது. அழகான அரை விநாடித் துண்டுகளை இசைக்கு வெட்டி ஒட்டினால் உங்கள் டைமிங் அதில் தெரியவே தெரியாது. நிலைமையிலிருந்து நிறுத்தம் வரை முழுதாக மூன்று அல்லது நாலு ஜோக்குகள், அவற்றின் சொந்த ஒலியோடு வையுங்கள். கூடவே ஒரு ஜோக்கின் அனிமேடிக்கையும் முடிந்த ஷாட்டையும் அடுத்தடுத்து வையுங்கள். வேலை கொடுப்பவர் உண்மையில் வாங்குவது அந்தத் தீர்மானிக்கும் திறமையை. அது அனிமேஷனோடு நிற்பதும் இல்லை. ஃப்ராங்க் டாஷ்லின் வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவின் கார்ட்டூன்களை இயக்கியவர், பிறகு 1950-களில் ஜெர்ரி லூயிஸ் நடித்த நகைச்சுவைப் படங்களை இயக்கினார். நடிகர்களை வைத்து எடுக்கும் படங்களுக்கும் இப்போது அனிமேடிக் தேவைப்படுகிறது, அந்த வேலைக்குக் கூலி உடனே வரும், வாரங்களில் முடியும். குறும்படம் முடிந்ததும் ரிக்குகள், பின்னணிகள், சத்தங்கள், சிரிப்புப் பதிவு எல்லாவற்றையும் பெயர் போட்டு ஒரே இடத்தில் அடுக்கி வைத்துவிடுங்கள். அதே பாத்திரங்களை வைத்து முப்பது விநாடித் துண்டு கேட்டு யாராவது வந்தால், வடிவமைப்புக் கட்டத்தைத் தாண்டி நேராக அனிமேடிக்கிலிருந்து வேலையைத் தொடங்கலாம், விலையையும் தைரியமாகச் சொல்லலாம்.